இடப்பக்கத்து எண்கள்

சென்னை
10-2-1974

அன்புள்ள கமலத்துக்கு,

கோதண்டபாணி எழுதுவது. உறை மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறியிருப்பாய். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நீயும் சௌக்கியமாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது.

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு பொம்மைத் தலை செய்திருக்கிறோம். நிஜத் தலை அளவு. மூக்கு, காது மடல் எல்லாம் உண்டு. இரண்டு காதுத் துளையிலும் ஒவ்வொரு சின்ன மைக். அந்தத் தலையை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டால் அது கேட்பதெல்லாம் டேப்பில் பதிவாகும். பிறகு யார் ஹெட்போனை மாட்டிக் கேட்டாலும் தாமே அந்த நாற்காலியில் இருப்பதுபோலத் தோன்ற வேண்டும். இடப்பக்கம் கதவு சாத்தினால் இடப்பக்கம் சாத்த வேண்டும். பின்னால் ஆள் நடந்தால் பின்னால் நடக்க வேண்டும்.

வேண்டும் என்கிறேனே தவிர, இன்னும் அப்படி நடக்கவில்லை. நேரில் கேட்கும் சத்தமும் ஹெட்போன் சத்தமும் ஒத்துப்போக மாட்டேன் என்கின்றன. ஒத்துப்போக வைப்பதுதான் என் வேலை. அதற்குக் கேட்டுச் சொல்லும் ஆள் வேண்டும். முதலில் வெறுங்காதால் ஒரு சத்தத்தைக் கேட்க வேண்டும், பிறகு அதையே ஹெட்போனில் கேட்டு, இரண்டும் ஒன்றாகும்வரை ஒரு திருகைத் திருப்பி, அதன் எண்ணை எழுத வேண்டும். இடது காதுக்கு ஒரு திருகு, வலதுக்கு ஒன்று. இங்கே எட்டுப் பேரை உட்கார வைத்துப் பார்த்தேன். இன்று பதினான்கு என்று எழுதுகிறவர் நாளைக்குப் பத்தொன்பது என்கிறார்.

நீ சூளையிலிருந்து வந்த பீங்கான் கப்புகளைத் தட்டித் தட்டிப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத விரிசலைக்கூடச் சத்தத்திலேயே பிடித்துத் தனியே எடுத்து வைப்பாயே. உன் காது மாதிரி ஒரு காதை நான் எங்கும் பார்த்ததில்லை. பத்து நாள் எனக்காக உட்கார முடியுமா? கருவிகளை என் உதவியாளன் அர்ச்சுனன் கொண்டுவருவான்.

இதை ஆபீஸ் விஷயமாக மட்டும் எழுதுகிறேன் என்று நினைக்காதே. நினைத்தாலும் உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

இப்படிக்கு,
கோதண்டபாணி


விருத்தாசலம்
18-2-1974

மாமாவுக்கு கமலத்தோட வணக்கம்.

பதறத்தான் பதறினேன். அஞ்சு வருஷத்துல நீங்க போட்ட நாலாவது லெட்டர் இது. எங்கம்மா காரியத்துக்கு வந்தீங்க, எள்ளுத் தண்ணி காயறதுக்குள்ள அடுத்த ரயிலைப் புடிச்சீங்க. அதுக்கப்புறம் பொண்டாட்டின்னு ஒருத்தி செராமிக் எஸ்டேட்டுல கப்பு தட்டிக்கிட்டு இருக்கான்னு இப்பத்தான் ஞாபகம் வந்துது போல. வரட்டும், வந்த வரைக்கும் சந்தோஷம்.

பக்கத்து வூட்டு தங்கம்மாக்காகிட்ட சொன்னேன். “இப்ப காதைக் கேக்குறாரு, அடுத்து கண்ணைக் கேப்பாரு, உஷாரா இருடி”ன்னு சொல்லிட்டு ஒரே சிரிப்பு. அவங்களுக்கு எதுவும் வெளையாட்டுதான்.

மொதல்ல முடியாதுன்னுதான் எழுதினேன். அதைக் கிழிச்சுப் போட்டுட்டு இதை எழுதறேன். ஏன் கிழிச்சேன்னு கேக்காதீங்க. கம்பெனியில இப்ப காலை ஷிப்டு. அஞ்சரைக்கு வூட்டுக்கு வந்துடுவேன், அதுக்கப்புறம் உக்காரலாம். நீங்களே வந்து சொல்லிக்கொடுத்தா நல்லா வெளங்கும். வேலை இருக்குன்னு சொல்லுவீங்க, தெரியும். அப்ப அந்தத் தம்பியவே அனுப்புங்க.

உங்களுக்கு இன்னும் அந்த வயித்துவலி வருதா? ஓட்டல்ல காரம் சேத்துக்காதீங்க.

கமலம்


சென்னை
28-3-1974

அன்புள்ள கமலத்துக்கு,

இந்தக் கடிதத்தை அர்ச்சுனன் கையில் கொடுத்தனுப்புகிறேன். நீ சம்மதித்தது எனக்கு எவ்வளவு பெரிய உதவி என்று எழுதத் தெரியவில்லை. நானே வந்திருக்க வேண்டும். எங்கள் மேலிடத்திலிருந்து டெல்லிக்காரர்கள் ஆகஸ்டில் பார்க்க வருகிறார்கள். அவர்களுக்குப் பிடித்துப்போனால் ஒரு வருஷம் ஜெர்மனிக்கு அனுப்புவார்கள். திரும்பி வந்தால் தனிப் பிரிவு. அதனால்தான் இந்த ஓட்டம்.

கூடத்து நாற்காலியில் தலையை வைத்து அர்ச்சுனனே எல்லாவற்றையும் பதிவு செய்துவிடுவான். பிறகு அதே நாற்காலியில் நீ உட்கார வேண்டும். மூன்று சத்தம்தான். மணி, கப்பைத் தட்டுவது, யாராவது ஒன்று முதல் பத்து வரை சொல்வது. வலது காதைப் பஞ்சு வைத்து அடைத்துக்கொண்டு இடது திருகு. இடதை அடைத்துக்கொண்டு வலது திருகு. தினமும் மூன்று தடவை.

ஒன்றை மட்டும் மனதில் வை. கேட்டதைத்தான் எழுத வேண்டும். சந்தேகமாக இருந்தால் ‘தெரியவில்லை’ என்று எழுது. அதனால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஊகித்து எழுதினால்தான் நஷ்டம்.

தலையைப் பார்த்துப் பயந்துவிடாதே. உதட்டுச் சாயம் பூசினாற்போல இருக்கும். செய்த சிற்பியின் வேலை அது, என்னுடையதல்ல.

கோதண்டபாணி


விருத்தாசலம்
7-4-1974

மாமாவுக்கு,

அர்ச்சுனன் தம்பி நல்லபடியா வந்து சேந்துது. ரயில்லேருந்து கூடையோட எறங்கி வந்ததுலேருந்து ஒரே வேர்வை, மொகத்துல ஈயாடலை. சோறு போட்டா ரெண்டு வாய் தின்னுட்டு எழுந்துடுச்சு. உங்ககிட்ட வேலை பாக்குற புள்ள, பயந்துதான் இருக்கும்னு நெனைச்சுக்கிட்டேன்.

அந்தத் தலை இருக்குதே, அய்யோ மாமா! தெருவே கூடிப்போச்சு. சாமி ஊர்வலத்துக்குச் செஞ்ச பொம்மையான்னு ஒருத்தரு கேக்குறாரு. “ஆம்பள ஒருத்தன் மொறைச்சுக்கிட்டே இருக்கிற மாதிரி இருக்குது, எப்படிடி சோறு எறங்குது உனக்கு?”ன்னு தங்கம்மாக்கா அது மேல துண்டைப் போட்டு மூடிட்டாங்க. பதிவு பண்றப்பதான் தெறந்தோம். இப்ப மணி அடிக்கிறதும் எண்ணு சொல்றதும் அவங்கதான். ஏழு சொன்னப்புறம் எட்டு சொல்றதுக்குள்ள அடுப்புல பாலு ஞாபகம் வந்துடுது அவங்களுக்கு.

அஞ்சு நாள் எண்ணு இத்தோட வச்சிருக்கேன். மீதி அஞ்சு நாள் அடுத்த தபால்ல.

டேப்பு ஆரம்பத்துல நீங்க பேசுறீங்க. “சோதனை ஒன்று, பேசுவது கோதண்டபாணி.” அந்த எடத்தை மட்டும் நாலஞ்சு வாட்டி ஓட்டிக் கேட்டேன். அதுக்கு எண்ணு எழுதச் சொல்லலை நீங்க, அதனால எழுதலை. குரல் கொஞ்சம் கட்டிப்போன மாதிரி இருந்துது. மிளகு கஷாயம் வச்சிக் குடிங்க.

கமலம்


சென்னை
24-4-1974

என் அன்புக் கமலத்துக்கு,

உன் பத்து நாள் எண்களும் வந்து சேர்ந்தன. நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றே படித்தேன். முதல் நாள் பதினாறு, பத்தாம் நாள் பதினாறு! இடதும் வலதும் அண்ணன் தம்பி மாதிரி ஒன்றாகவே போகின்றன. எங்கேயோ இரண்டு இடத்தில் ஒன்று கூடக்குறைய, அவ்வளவுதான். இங்கே உள்ள எட்டுப் பேர் எண்ணையும் மூட்டை கட்டி வைத்துவிட்டேன். அவர்கள் எல்லாரும் இடது பக்கத்தை ஆறு ஏழு கூட்டித்தான் வைத்திருந்தார்கள். அசையாத கை உன் ஒருத்தியுடையதுதான், ஆகவே உன் கணக்குப்படியே திருகுகளை இறுக்கிவிட முடிவு செய்தேன்.

உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இங்கே இருக்கிற வேறு ஹெட்போனில் அப்படி வைத்து, பழைய டேப்பைக் கேட்டபோது சத்தம் வலப்பக்கமாகச் சாய்கிற மாதிரி எனக்கே ஒரு பிரமை. இருபது வருஷமாக இரைச்சலில் கிடக்கிற காது என்னுடையது. என் காதைவிட உன் காதைத்தான் நான் நம்புகிறேன்.

இன்னொரு செய்தி. நிலையத்துக் குவார்ட்டர்ஸில் எனக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். மாடி வீடு. இரண்டு அறை, சமையலறையில் ஜன்னல் உண்டு. நாம் இருந்த சைதாப்பேட்டை அறையில் ஜன்னல் இல்லை என்று நீ தினமும் சொல்வாய். அந்தச் சண்டையெல்லாம் போகட்டும். யார் முதலில் பேசுவது என்று இருவரும் ஐந்து வருஷம் உட்கார்ந்துவிட்டோம். நான் பேசிவிட்டேன். வருகிறாயா?

உன்
கோதண்டபாணி


விருத்தாசலம்
3-6-1974

அன்புள்ள மாமாவுக்கு,

ரயில் ஸ்ட்ரைக்குல மே மாசம் முழுக்க உங்க சாமான் இங்கியே கெடந்துது. ஸ்டேஷன் பக்கம் போனா காக்கா குருவி இல்லை. போன வாரந்தான் அர்ச்சுனன் தம்பி வந்து எடுத்துக்கிட்டுப் போச்சு. தலை போனதுல தங்கம்மாக்காவுக்குத்தான் வருத்தம். அந்த நாற்காலியைப் பாத்துப் பாத்து, “பாவம், வாயில்லாத மனுசன்”னு சொல்றாங்க.

நான் வரேன் மாமா. லெட்டரை அன்னிக்கே எழுதியிருப்பேன், தபால்தான் ஒழுங்கா போவலை. தீபாவளிக்கு முன்னாடி வந்துடுறேன். சூப்பர்வைசர்கிட்ட புரட்டாசியோட நின்னுக்கிறேன்னு சொல்லிட்டேன். “உன்னை மாதிரி தட்டிப் பாக்குறவளை எங்கம்மா தேடுறது?”ன்னாரு. பித்தளைக் குடத்துக்கும் அம்மாவோட அரிசிப் பானைக்கும் அக்கம்பக்கத்துல இப்பவே பேரு வச்சிட்டாங்க, யாருக்கு எதுன்னு.

வந்து உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். லெட்டர்ல எழுத வரலை. மொகத்தைப் பாத்து சொன்னா சொல்லிடுவேன்னு நெனைக்கிறேன். அதுவரைக்கும் தோண்டிக் கேக்காதீங்க.

டெல்லிக்காரங்க வர்ற அன்னிக்கு விருத்தகிரீஸ்வரன் கோயில்ல அர்ச்சனைக்குச் சொல்லியிருக்கேன். எல்லாம் நல்லபடியா நடக்கும்.

உங்க
கமலம்


சென்னை
4-9-1974

கமலத்துக்கு,

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். டெல்லியிலிருந்து வந்தவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் ஹெட்போனை மாட்டி, தலை பதிவு செய்த வீணையைக் கேட்டார்கள். “எதிரில் உட்கார்ந்து வாசிப்பதாகச் சொன்னீர்கள். வீணை வலப்பக்கத்து மூலையில் அல்லவா இருக்கிறது?” என்றார் பெரியவர். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். பத்து நிமிஷத்தில் எழுந்து போய்விட்டார்கள். ஜெர்மனிக்கு வேறொருவர் போகிறார்.

மறுநாள் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தேன். அர்ச்சுனன் அழுதுகொண்டே வந்து நின்றான். மார்ச் மாதம் விருத்தாசலம் பிளாட்பாரத்தில் கூடையைக் கீழே போட்டிருக்கிறான். ஹெட்போனில் இடது பக்கத்து ஒயர் அறுந்துவிட்டது. எனக்குப் பயந்துகொண்டு சொல்லாமல் விட்டுவிட்டு, சாமான் திரும்பி வந்ததும் தானே பற்றவைத்திருக்கிறான். ஆக, உன் வீட்டில் இருந்த இரண்டு மாதமும் அந்தப் பக்கம் செத்துக் கிடந்திருக்கிறது. ஒரு முணுமுணுப்புக்கூட வந்திருக்காது.

அப்படியானால் இடப்பக்கத்து எண்களை எப்படி எழுதினாய்? பத்து நாள், மூன்று சத்தம், மூன்று தடவை. தொண்ணூறு எண். காது உள்ள எவளும் முதல் நாளே ‘இந்தப் பக்கம் கேட்கவில்லை’ என்று சொல்லியிருப்பாள். நீ உட்காரவே இல்லை. உட்கார்ந்திருந்தாலும் காதில் மாட்டவில்லை. தங்கம்மாளும் நீயுமாக அரட்டை அடித்துக்கொண்டு கைக்கு வந்ததைக் கிறுக்கி அனுப்பியிருக்கிறீர்கள். ஊகித்து எழுதாதே என்று உன்னிடம் கெஞ்சிக் கேட்டிருந்தேன்.

அர்ச்சுனனை மன்னித்துவிட்டேன். அவன் பயந்தவன். நீ பயந்தவள் இல்லை. ஐந்து வருஷக் கோபத்தைத் தீர்த்துக்கொள்ள இதுதான் கிடைத்ததா? என் காதையே சந்தேகப்பட்டு உன்னை நம்பினேனே.

குவார்ட்டர்ஸ் விஷயம் இப்போதைக்கு வேண்டாம்.

கோதண்டபாணி


விருத்தாசலம்
12-9-1974

மாமாவுக்கு,

உங்க லெட்டரை வாசல்ல நின்னுக்கிட்டே படிச்சேன். அப்புறம் உள்ள வந்து உக்காந்து படிச்சேன். நீங்க எழுதினதுல பாதி சரி. எடப்பக்கத்தை நான் கேக்கலை. கேக்காமதான் எழுதினேன். ஆனா மத்ததெல்லாம் சரியில்லை. பத்து நாளும் உக்காந்தேன். ஒரு நாள்கூட தங்கம்மாக்காவோட சிரிச்சுப் பேசலை.

எனக்கு எடது காது கேக்காது மாமா. அஞ்சு வருஷமா கேக்காது.

சைதாப்பேட்டை வூட்டுல காது வலிக்குது வலிக்குதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தேனே. அப்ப நீங்க புதுசா வந்த மிஷினைப் பிரிச்சு வச்சிக்கிட்டு இருந்தீங்க. “காது வலி எல்லாருக்கும் வர்றதுதான், பூண்டு எண்ணெய் காய்ச்சி வுடு”ன்னீங்க. வுட்டேன். மூணு வாரம் வுட்டேன். தலையணை உறையெல்லாம் சீழு. நாத்தம் தாங்கலைன்னு நீங்க பாயை அந்தப் பக்கம் தள்ளிப் போட்டுக்கிட்டீங்க. மறுநாள்தான் எனக்கு இந்த ஊரே வேணாம்னு சண்டை புடிச்சிக்கிட்டு ரயில் ஏறினேன். உங்களுக்கு அந்தச் சண்டை மட்டும் ஞாபகம் இருக்குது. இங்க ஆஸ்பத்திரியில காட்டினோம். “இன்னும் முன்னாடி வந்திருக்கணும்மா, உள்ளார எல்லாம் போயிடுச்சு”ன்னாரு டாக்டரு. அம்மா அங்கியே தரையில உக்காந்துட்டாங்க. அவங்களுக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும். கம்பெனியிலகூட தெரியாது. கப்பை வலது பக்கம் புடிச்சுத் தட்டிக்குவேன்.

ஏன் உங்ககிட்ட சொல்லலை? மொதல்ல கோவம். நீங்களே வந்து கேப்பீங்கன்னு பாத்தேன், நீங்க வரலை. அப்புறம் வெக்கமா போச்சு. சத்தத்தை வச்சே சோறு திங்கிற மனுசனுக்கு அரைச் செவிடு பொண்டாட்டியான்னு.

பிப்ரவரியில உங்க லெட்டர் வந்துது. உன் காது மாதிரி ஒரு காதைப் பாத்ததில்லைன்னு எழுதியிருந்தீங்க. கல்யாணமான நாள்லேருந்து நீங்க என்னைப் பத்தி ஒசத்தியா சொன்ன வார்த்தை அது ஒண்ணுதான். அதையும் இல்லைன்னு திருப்பி அனுப்ப எனக்கு மனசு வரலை. ‘முடியாது’ன்னு எழுதினா லெட்டரு அதோட நின்னுபோவும். நிக்கக் கூடாதுன்னு நெனைச்சேன். வலப்பக்கம் என்ன எண்ணு வந்துதோ அதையே எடப்பக்கமும் எழுதினேன். சந்தேகம் வரக் கூடாதுன்னு ரெண்டு எடத்துல மாத்தி வச்சேன், பரீட்சையில காப்பி அடிக்கிற புள்ளைங்க மாதிரி. அந்தப் பக்கம் ஒயரு அறுந்துபோச்சா இருக்குதான்னு எனக்கு எப்படித் தெரியும்?

உங்க ஜெர்மனி என்னால போச்சு. அதுக்கு நான் என்ன சொன்னாலும் தீராது. காலைப் புடிச்சுக் கேக்கிறேன்னு எழுதலாம். எழுதினா பொய்யா இருக்கும், ஏன்னா கோவமும் இருக்குது. ரெண்டும் இருக்குது.

கமலம்


சென்னை
26-9-1974

அன்புள்ள கமலத்துக்கு,

உன் கடிதம் வந்த நாளிலிருந்து மூன்று நாள் ஆபீஸ் போகவில்லை. நான் பாவி. வேறு சொல் கிடைக்கவில்லை. ஒரே அறையில் இருந்துகொண்டு, சத்தம் தவிர வேறு நினைப்பில்லாத ஒருவன் இதைக் கவனிக்கவில்லை என்றால் அவனை என்னவென்று சொல்வது?

சும்மா இருந்து புலம்பிப் பயனில்லை என்று நாலு இடத்தில் விசாரித்தேன். காது வைத்தியத்தில் பெரிய டாக்டர் ஒருவர் அக்டோபர் 15ம் தேதி காலை பத்து மணிக்கு உன்னைப் பார்க்கச் சம்மதித்திருக்கிறார். அதற்கு முன் சில விவரம் வேண்டும் என்கிறார். நானும் சிலவற்றைச் சேர்த்திருக்கிறேன். விவரமாக எழுது.

கைக்கடிகாரத்தை இடது காதுக்குப் பின்னால் எலும்பின் மேல் வைத்தால் டிக் டிக் தெரிகிறதா? முற்றிலும் போனது எந்த மாதம்? ஒரேயடியாகப் போயிற்றா, கொஞ்சம் கொஞ்சமாகவா? முதலில் போனது மெல்லிய கீச்சுச் சத்தமா, கனத்த சத்தமா? காதுக்குள் இரைச்சல் உண்டா, உண்டென்றால் எது மாதிரி? தலைசுற்றல் வந்ததா? தெருவில் யாராவது கூப்பிட்டால் எந்தப் பக்கம் என்று தெரிகிறதா?

இன்னொன்று. எங்கள் நிலையத்துப் பேராசிரியரிடம் பேசினேன். ஒற்றைக் காது உள்ளவர்கள் சத்தத்தின் திசையை எப்படிக் கண்டுகொள்கிறார்கள் என்பதை நம் நாட்டில் சரியாக ஆராயவே இல்லை. உன் வலது பக்கத்து எண்கள் உண்மையிலேயே அபாரமானவை, அதை இப்போதும் சொல்கிறேன். நீ இங்கே வந்துவிட்டால் வாரத்துக்கு இரண்டு நாள் லாபரட்டரியில் உட்காரலாம். நடந்த நஷ்டத்தையும் கொஞ்சம் ஈடு கட்டினாற்போல் ஆகும். குவார்ட்டர்ஸை நான் இன்னும் விடவில்லை.

பதினான்காம் தேதி அர்ச்சுனனை அனுப்பட்டுமா?

உன்
கோதண்டபாணி


விருத்தாசலம்
6-10-1974

மாமாவுக்கு,

உங்க லெட்டர் வந்துது. பாவின்னு எழுதியிருந்ததைப் பாத்ததும் அழுதுட்டேன். உங்களைப் போயி பாவின்னு நான் நெனைச்சதே இல்லை. அதுக்கு அடுத்த வரியிலேருந்து கண்ணு காஞ்சுபோச்சு.

மூணு பக்கம் எழுதியிருக்கீங்க. எந்த மாசம், எந்தச் சத்தம், எலும்பு மேல கடியாரம். எல்லாம் கேட்டிருக்கீங்க. வலிச்சுதான்னு ஒரு வார்த்தை கேக்கலை நீங்க. நான் ரெண்டு வாட்டி திருப்பிப் படிச்சேன், எங்கியாச்சும் விட்டுட்டேனோன்னு. இல்லை.

டாக்டருக்கு லெட்டர் எழுதி வேணாம்னு சொல்லிடுங்க. அஞ்சு வருஷம் கழிச்சு அவரு என்ன பண்ணப்போறாரு? லாபரட்டரிக்கும் நான் வரலை. நான் வரேன்னு சொன்னது சமையக்கட்டு ஜன்னலுக்கும் உங்களுக்கும்தான். எண்ணு எழுதறதுக்கு இல்லை.

அர்ச்சுனன் தம்பியை அனுப்பாதீங்க. ஒவ்வொண்ணுக்கும் அந்தப் புள்ளையவே அனுப்புறீங்க. சூப்பர்வைசர்கிட்ட நிக்கலைன்னு சொல்லிட்டேன். அவருக்கு ஒரே சந்தோஷம்.

உங்களுக்கு நான் வேணும்னா நீங்க வரணும். கேள்வி ஒண்ணும் எழுதி எடுத்துக்கிட்டு வர வேணாம். வெறுங்கையோட வாங்க.

கமலம்


சென்னை
20-1-1975

அன்புள்ள கமலத்துக்கு,

மூன்று மாதம் பதில் எழுதாததற்கு நான் சாக்குச் சொல்லப்போவதில்லை. எழுத உட்கார்ந்தால் மறுபடி கேள்விகளாகவே வந்தன. கிழித்துப் போட்டேன். கடைசியில், நீ சொன்னபடி வெறுங்கையோடு வந்தேன்.

ஆமாம், வந்தேன். பொங்கலுக்கு அப்புறம், பதினேழாம் தேதி வெள்ளிக்கிழமை. ஸ்டேஷனில் இறங்கி நேரே எஸ்டேட்டுக்கு நடந்தேன். உன் கம்பெனி கேட்டுக்கு எதிர்ச்சாரியில் ஒரு டீக்கடை இருக்கிறதே, அதன் கீற்றுப் பந்தலுக்குள் நின்றேன். நாலரைக்குச் சங்கு ஊதியது. நீ பச்சைப் புடவையில், டிபன் தூக்கோடு, இன்னும் மூன்று பெண்களோடு வந்தாய். இளைத்திருக்கிறாய்.

“கமலம்” என்று கூப்பிட்டேன். நீ நின்றாய். நான் உன் இடப்பக்கம் இருந்தேன். நீ வலப்பக்கம் திரும்பினாய். அங்கே கம்பெனி மதில்தான் இருந்தது. பின்னால் திரும்பினாய். மறுபடியும் கூப்பிட்டேன். நீ வேகமாகக் கேட்டை நோக்கியே திரும்பிப் போனாய். கூட வந்த பெண்கள் சிரித்தார்கள். ஒற்றைக் காதுக்குச் சத்தம் கேட்கும், திசை தெரியாது. இதை நான் நிலையத்தில் பயிற்சிக்கு வரும் பையன்களுக்குப் பாடமாகவே நடத்துகிறேன். கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். ரோட்டில் நீ அப்படிச் சுற்றிச் சுற்றிப் பார்த்ததை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

அந்த முகத்துக்கு எதிரில் வந்து நிற்க எனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றிவிட்டது. பெண்ணாடம் போகிற கரும்பு டிராக்டர் ஒன்று நடுவில் வந்தது. அந்த மறைவில் டீக்கடைக்குள் போய்விட்டேன். அப்படியே ஸ்டேஷன். இரவுக்குள் சென்னை வந்துவிட்டேன்.

இதை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வந்தேன் என்பதாவது உனக்குத் தெரிய வேண்டும். உனக்கு ரொம்ப வலித்திருக்கும், கமலம். அப்போதும் சரி, இப்போதும் சரி.

உன்
கோதண்டபாணி


விருத்தாசலம்
27-1-1975

மாமாவுக்கு,

மொத வாட்டி கூப்பிட்டப்பவே உங்க குரல்னு எனக்குத் தெரிஞ்சிடுச்சு. அந்த டேப்புல எத்தனை வாட்டி கேட்டிருக்கேன், தெரியாம போவுமா?

கேட்டுகிட்ட ஓடிப்போயி வாட்ச்மேனைக் கேட்டேன், சென்னையிலேருந்து யாராச்சும் வந்தாங்களான்னு. யாரும் வரலைம்மான்னாரு. ஆபீசு ரூமுல போய்ப் பாத்தேன். சூளைக்குப் பின்னாடி வைக்கோலு அடுக்கியிருக்கிற எடத்துல போய்ப் பாத்தேன். அங்க எதுக்கு நீங்க வரப்போறீங்க, ஆனாலும் பாத்தேன். ரோட்டுக்கு வந்து, வூட்டுக்குப் போற மங்கலம்பேட்டை பஸ்ஸு ரெண்டை ஏறாம வுட்டேன். கூட வந்த பொண்ணுங்க பேய் புடிச்சிடுச்சின்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. மூணாவது பஸ்ஸுதான் கடைசி, அதுல ஏறினேன். சரி, ஏக்கத்துல வந்த பிரமைன்னு நெனைச்சுக்கிட்டேன். உங்க லெட்டர் வர்ற வரைக்கும் பத்து நாள் அப்படியே நெனைச்சுக்கிட்டு நல்லாத்தான் இருந்தேன்.

நீங்க இதை எழுதாமலே இருந்திருக்கலாம் மாமா.

உங்க மேல எனக்கு இப்ப கோவம் இல்லை. இருந்துதே, அது எப்ப போச்சுன்னு தெரியலை. லெட்டர் போடாதீங்கன்னு சொல்றதும் கோவத்துல இல்லை. தபால்காரரு வர்ற நேரத்துக்கு வாசலைப் பாக்குற வேலை எனக்கு இனிமே வேணாம். அந்தக் குவார்ட்டர்ஸை வுட்டுடுங்க, புள்ளை குட்டி இருக்கிற வேற யாருக்காச்சும் ஆவும்.

யோக்கியதை அது இதுன்னு எழுதியிருக்கீங்க. அன்னிக்கு நீங்க பக்கத்துல வந்து நின்னிருந்தா கட்டின பொடவையோட, கையில தூக்கோட, உங்ககூட ரயில் ஏறியிருப்பேன். வூட்டைப் பூட்டக்கூட வந்திருக்க மாட்டேன். எந்தப் பக்கம்னு எனக்குத்தான் தெரியலை. உங்களுக்குத் தெரியுமே. ரோட்டைத் தாண்டி நாலு எட்டு வச்சு வர முடியலையா உங்களால?

ஒடம்பைப் பாத்துக்குங்க.

கமலம்